ஏற்கெனவே விழுந்த பூ

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மாரியாத்தா இருந்தாளாம், அவளுக்கு இரண்டே இரண்டு தோளாம், தோளுக்கு ஒரு பூவாம், இரண்டு பூவும் விழமாட்டேன் விழமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டே இருந்ததாம். அம்மாவைப் பெற்ற தாத்தா, எங்கள் அப்புச்சி, உயிரோடு இருந்து இதைச் சொல்லியிருந்தால் இப்படித்தான் தொடங்கியிருப்பார், நான் ம் கொட்டியிருப்பேன். இப்போது சொல்ல ஆளில்லை, ம் மட்டும் என் தொண்டையில் கிடக்கிறது. பூசாரி சென்னியப்பர் பூ வைத்துவிட்டு விலகி உட்கார்ந்து கால் மணி நேரம் இருக்கும். செம்புத் தண்ணீரில் இரண்டு வெள்ளரளியை நனைத்து, ஆத்தாவின் கருங்கல் தோளில் வலத்துக்கு ஒன்று இடத்துக்கு ஒன்றாக ஒட்டி, மேலே இரண்டு கை தண்ணீர் தெளித்தார். "நம்ம வலது இல்லீங்க, ஆத்தா வலது" என்று அக்காவைக் கட்டிய மாமாவைப் பார்த்துச் சொன்னார், மாமா ஏற்கெனவே தப்பான பக்கத்தில் கண்ணை நட்டு வைத்திருந்தார். "மனசுக்குள்ள ஒன்னே ஒன்னு கேக்கோணும். ரண்டு கேட்டா ஆத்தாளுக்கும் கொழப்பம் நமக்கும் கொழப்பம். வீட்டுக்குப் பெரியவங்க கேக்கட்டும், வாய்விட்டுச் சொல்லப்படாது. வலத்துல விழுந்தா சரிங்குது, இடத்துல விழுந்தா வேண்டாங்குது." வீட்டுக்குப் பெரியவள் அம்மா. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வரத் தேவையும் இல்லை, என்ன கேள்வி என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். என் இரண்டு கிட்னியில் ஒன்றை அக்காவுக்குக் கொடுக்கலாமா, கூடாதா. அதைத்தான் ஒரு அரளிப்பூ முடிவு செய்யப் போகிறது, காலை பதினோரு மணிக்கு, புதன்கிழமை, ஓடைக்கரையில்.

அக்கா தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றரை வருசமாக வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஊசி குத்துவதற்காக அவள் இடது கையில் ரத்தக் குழாய் இரண்டை இணைத்து வைத்திருக்கிறார்கள், அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஒரு வண்டு குடியிருப்பதுபோல ர்ர்ர் என்று அதிரும். தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம், குழம்பு, மோர், மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் சேர்த்து. பூசாரி தண்ணீரை அள்ளித் தெளித்தபோது பிருந்தாக்காவின் கண் ஆத்தாவைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தது, கல்லின் மார்பில் அது வழிந்து பாதத்துக்கு வந்து சேர்கிற வரைக்கும் கூடவே போனது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். "என்றா பார்க்கறே. ஆத்தா குளிக்குது, நான் வேடிக்கை பார்க்கறேன்" என்றாள். முகம் வீங்கியிருந்தாலும் அந்தக் குத்தல் மட்டும் வீங்கவும் இல்லை மெலியவும் இல்லை. மாமாவுக்கு உட்கார முடியவில்லை. குழந்தைவேல் மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறவர், எதையாவது கடைந்துகொண்டே இருந்தால்தான் அவர் கை கை. "பூ வெச்சு எத்தனை நேரமாச்சு, ஆத்தா டீக்குப் போயிருச்சா" என்று முணுமுணுத்தார். "வாயை மூடிட்டு இருங்க" என்றாள் அக்கா. "போன மாசம் ஒரு பங்காளி விசயமுங்க" என்றார் பூசாரி, "காத்தால வெச்ச பூ, மத்தியானம் சோத்துக்கு மேல விழுந்துச்சு. அதுக்குள்ள ரண்டு பங்காளியும் பேசி ராசியாயிட்டாங்க." மாமா என் காதருகே வந்தார். "மாப்ள, அந்த விளக்கை இத்துனூண்டு வலத்தாண்டை நகத்தி வெச்சா சீக்கிரம் காஞ்சிரும், என்ன சொல்றே." சிரிப்புக்குத்தான் சொன்னார். ஆனால் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை. அவர் ரத்தம் அக்காவுக்குச் சேராது, அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பா இல்லை, மிச்சம் நான். இரண்டு மாதமாக மாமா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கேட்காமலே ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர் அப்படித்தான் இருப்பார்போல.

இவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். போன வாரம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் என்னை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர், நடுவில் ஒரு டாக்டரம்மா, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசினார், அதுவே என்னைக் கலக்கியது, கண்ணாடி இல்லாமல் அவர் யாரோ ஒரு சித்தி மாதிரி ஆகிவிட்டார். "தம்பி, உங்களை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? மனசுல பட்டதைச் சொல்லுங்க. வேண்டாம்னு தோணிச்சுன்னா, பொருந்தலைன்னு நாங்களே எழுதிடுவோம். உங்க வீட்ல யாருக்கும் காரணம் தெரியாது." இல்லை என்றோ ஆமாம் என்றோ சொல்ல ஒரு நொடி போதும். இரண்டுக்கும் மூன்றே எழுத்து. நான் அவருடைய பேனா மூடியைப் பார்த்தேன். அதில் பல் பட்ட தடம் இருந்தது. இவ்வளவு பெரிய டாக்டர் பேனாவைக் கடிப்பாரா, கடித்தால் என்ன யோசித்துக்கொண்டு கடித்திருப்பார், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் என்ன சொல்லியிருப்பான். மின்விசிறி சுற்றியது. நான் பேசவில்லை. "சரி, வெள்ளிக்கிழமை வாங்க, நிதானமா யோசிச்சுட்டு வாங்க" என்றார். வெளியே வந்து, "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வரச் சொல்றாங்க" என்றேன். அதில் பொய் ஒரு சொட்டுக்கூட இல்லை, ஆனாலும் முழுக்கப் பொய். ஏன் பேசவில்லை? ஒரு வாரமாக இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன், உள்ளங்காலில் முள் ஏறினவன் அந்த இடத்தையே அழுத்தி அழுத்திப் பார்ப்பதுபோல. என்னிடம் யாரும் இதுவரை எதையும் கேட்டதில்லை என்பது ஒரு காரணம். கேட்கிற மாதிரி சொல்வார்கள், நான் சரி என்பேன். டிப்ளமோ சேர்றியா, சரி. தறிப்பட்டறையில் டிசைன் வேலை இருக்குது போறியா, சரி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பேக்கரியில் டீ சொன்னேன், தப்பாகக் காபி வைத்தார்கள், குடித்தேன், மறுநாள் கேட்காமலே காபி வந்தது, நாலு வருசமாகக் காபி குடிக்கிறேன், எனக்குப் பிடித்தது டீ. "முத்துகிட்டக் கேக்கவே வேண்டாம், அவன் சரிம்பான்." இது எங்கள் வீட்டு வழக்கு. அப்படிப்பட்டவன் கிட்னி தர்றியாடா என்றதற்கும் சரி என்றான். அந்தச் சரியும் காபிதானா? டாக்டரம்மா கதவைத் திறந்து வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, இத்தனை நாள் நான் இருந்த அறைக்குக் கதவு என்று ஒன்று இருந்திருக்கிறது.

பூ அசைந்த மாதிரி இருந்தது. இல்லை, விளக்குதான். இடது பூ கொஞ்சம் சாய்ந்திருக்கிறதா, முதலிலேயே அப்படித்தான் இருந்ததா. இடம் என்றால் வேண்டாம். இடம் விழுந்தால் நான் வெள்ளிக்கிழமை போக வேண்டியதில்லை, ஆத்தாவே சொல்லிவிட்டாள், யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது. இந்த நினைப்பு வந்ததும் வயிறு குளிர்ந்தது, உடனே அந்தக் குளிர்ச்சியைப் பார்த்து வெட்கமாக இருந்தது, வெட்கத்தைப் பார்த்துக் கோபம் வந்தது. எந்தப் பூ விழும்? பூசாரிக்கு வலது கைப் பழக்கம், வலது கையால் ஒட்டும்போது ஆத்தாவின் இடத்தோள்தான் அவர் கைக்கு நேரே, அதை நன்றாக அழுத்தியிருப்பார், வலத்தோளுக்கு உடம்பை வளைத்து எட்டித்தான் வைத்தார். விளக்கு இடப்பக்கம், சூடு அங்கே அதிகம், ஈரம் சீக்கிரம் காயும். வாசல் காற்று வலத்துக்கு நேரே. வலத்தோள் கல் தேய்ந்து வழவழப்பு, எத்தனை தலைமுறை எண்ணெய்க்காப்பு. ஒரு பூவில் இதழ் பெரிது, ஒன்றில் காம்பு நீளம், பறித்த கை எப்படிப் பறித்ததோ. இவ்வளவும் தெரிந்த ஒருவன் இருந்தால் நிமிசம் உட்படச் சொல்லிவிடுவான். அப்படியென்றால் விழப்போகிற பூ எது என்பது இப்போதே முடிந்துபோன விசயம். பூ ஏற்கெனவே விழுந்துவிட்டது, நாங்கள்தான் இன்னும் பார்க்கவில்லை. இது எனக்குப் புதிதில்லை, என் பிழைப்பே இதுதான். போர்வையில் மயில் வர வேண்டுமென்றால் நான் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அடைக்கிறேன், எந்தக் கட்டத்தில் எந்த இழையை மேலே தூக்க வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்று. தறியில் இழை ஏறும்போது அது தானாக ஏறுகிறதாக நினைத்துக்கொள்ளலாம், நினைத்தால் யார் தடுக்கிறார்கள். ஒருமுறை ஒரே ஒரு கட்டம் தவறிவிட்டது. நாற்பது போர்வை இறங்கிய பிறகுதான் பார்த்தார்கள், நாற்பதிலும் மயிலுக்குக் கண் இல்லை. நாற்பது குருட்டு மயில், தோகையை விரித்துக்கொண்டு, ஒன்றுக்கும் தான் குருடு என்று தெரியாது. எனக்குள்ளும் எங்கோ ஒரு கட்டம் அப்படித் தவறியிருந்தால்? நான் பிறக்கும் முன்பே யாரோ அடைத்து வைத்த கட்டம், அதனால்தான் எதற்கும் மாட்டேன் என்று சொல்ல வரவில்லை என்றால்? அப்போது வெள்ளிக்கிழமை நான் சொல்லப்போகிறதும் விழுந்து கிடக்கிற பூதான். அந்த டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு அர்த்தமே இல்லை. கட்டாயப்படுத்தப்படாத ஆள் எவன் இருக்கிறான் இந்த உலகத்தில். காற்று, விளக்கு, பூசாரியின் கை.

அம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கேள்வி கேட்டு முடிந்த பிறகும் எதற்குக் கண்ணை இவ்வளவு இறுக்கி மூடியிருக்கிறாள். அவளுடைய பாதத்தில் வெடிப்பு, ஓரத்தில் மஞ்சள். எனக்கு இடுப்புக்கு மேலே இடது பக்கம் அரிக்கிறது. அங்கேதான் கீறுவார்கள், ஸ்கேன் எடுத்தவர் விரலால் கோடு போட்டுக் காட்டினார், அன்றிலிருந்து அந்த இடம் தனியாக ஒரு ஆள் மாதிரி என் சட்டைக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. எடுத்த பிறகு உள்ளே காலியாக இருக்குமா, காற்று அடைத்துக்கொள்ளுமா, குடல் வந்து அங்கே படுத்துக்கொள்ளுமா. மயக்க மருந்து கொடுத்து எழாமல் போனால். நான் எழுந்து, அக்கா எழாமல் போனால். சேராமல் போனால், என்னிடமும் இல்லை அவளிடமும் இல்லை என்று ஆகி, அது குப்பைக்குப் போனால். எதைப் பிடித்தாலும் பயம் முதல் ஆளாக வந்து நிற்கிறது, கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிறவன் மாதிரி. அப்புச்சி ஒரு கதை சொல்வார். இரண்டு எருது கிணற்றில் கவலை இறைத்துக்கொண்டிருந்ததாம், அதாவது கயிற்றில் கட்டிய தோல் சாலில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்ததாம். சரிவில் இறங்கும், தண்ணீர் மேலே வரும், பின்னாலேயே நடந்து ஏறும், சால் கீழே போகும். ஒரு எருது சொல்லிச்சாம், இந்தக் கயிறு என்னை இழுக்குது, அதனால நான் நடக்கறேன். இன்னொன்று சொல்லிச்சாம், போடா, நான் நடக்கறேன், அதனால கயிறு வருது. இரண்டும் நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் கிணற்றிடமே கேட்டுச்சாம். கிணறு சொல்லிச்சாம், அதெல்லாம் எனக்குத் தெரியாது சாமி, தண்ணி மேல போறது மட்டுந்தான் எனக்குத் தெரியுது. அப்புச்சி இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார், இருமல் வருகிற வரைக்கும் சிரிப்பார். ஆறு வயதில் எனக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எந்த மாடு செயித்தது என்று கேட்டேன். "செயிச்சது வாழைத்தோப்புடா" என்றார்.

"தம்பி, கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் புடி" என்றாள் அக்கா. பிடித்து நகர்த்தினேன். என் கை அவள் கையில் பட்டது, உள்ளே வண்டு ர்ர்ர் என்றது. அந்த அதிர்வோடு ஒரு ரிப்பன் நினைவுக்கு வந்தது, சிவப்பு ரிப்பன், ஓரத்தில் நூல் பிரிந்தது. எனக்கு ஆறு, அவளுக்குப் பதிமூன்று, இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அம்மை போட்டிருந்தது. நடுவீட்டில் வேப்பிலை பரப்பி எங்களை அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். சொறிந்தால் தழும்பாகிவிடும் என்று அம்மா மிரட்டியும் தூக்கத்தில் என் கை தானாகப் போய்விடும். அக்கா என்ன செய்தாள் என்றால், தன் சடை ரிப்பனை அவிழ்த்து என் மணிக்கட்டில் ஒரு முனையும் தன் மணிக்கட்டில் ஒரு முனையும் கட்டிக்கொண்டாள். நான் சொறிய கையைத் தூக்கினால் அவள் கை இழுபடும், விழித்துக்கொள்வாள், வேப்பங்கொத்தால் மெதுவாகத் தடவி விடுவாள். அவளுக்கும் காய்ச்சல், அவள் உடம்பெல்லாம் எனக்கு இருந்ததைவிட அதிகம். ஒன்பது நாள். என் முகத்தில் இன்றைக்கு ஒரு தழும்பு இல்லை. அவள் நெற்றியில் மூன்று இருக்கிறது. அதற்குக் கைம்மாறாகத்தான் கொடுக்கிறேனா என்று கேட்டுப் பார்த்தேன், இல்லை. அன்று அவள் கட்டாமல் தூங்கியிருந்தாலும் இன்று இங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் எங்கேயோ ஒன்று நெகிழ்ந்தது. அந்த ரிப்பன் கட்டாயமா? கட்டியிருந்தாள், ஆமாம். நான் கையைத் தூக்க முடியாது, ஆமாம். ஆனால் அந்த ஒன்பது நாளைப்போல நான் பயமில்லாமல் தூங்கினது கிடையாது. இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ரிப்பனைக் கழற்று. வேப்பிலையைத் தள்ளு. அம்மாவின் பாலை, அப்புச்சியின் எருதுகளை, இந்த ஊர்த் தண்ணீரை, எனக்கு வைத்த தாத்தன் பெயரை, டீக்கு வந்த காபியை, எல்லாக் கட்டாயத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வை. எல்லாம் போன பிறகு, யாரும் எதுவும் தள்ளாத சுத்தமான ஒருவன் அங்கே உட்கார்ந்து தேர்ந்தெடுப்பான் என்றுதானே அந்த அறையில் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. நாற்காலி மட்டும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. பயம்கூட இல்லை, பயப்படவும் ஒருவன் வேண்டுமே. அப்படியானால் அதெல்லாம் என்னைப் பின்னாலிருந்து தள்ளுகிற கைகள் இல்லை. அதெல்லாம் சேர்ந்ததற்குப் பெயர்தான் நாச்சிமுத்து. நான் கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் நான் வேறொருவனாகப் பிறந்து, வேறொரு அக்கா பக்கத்தில் வேப்பிலையில் படுத்து, வேறு அம்மை போட்டிருக்க வேண்டும். என்னால் கொடுக்காமல் இருக்க முடியாது. இதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முடியாது என்ற வார்த்தை இவ்வளவு பெரிய வீடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போயிற்று. பயம் போகவில்லை, இருக்கட்டும், அதுவும் நம் வீட்டு ஆள்தான், ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். எனக்குச் சிரிப்பு வந்தது, கோயிலில் சிரித்தால் பூசாரி திட்டுவார் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பூ எங்கே வேண்டுமானாலும் விழட்டும். மழை பெய்ய முடிவு செய்துவிட்டால் குடையைக் கேட்டுக்கொண்டா பெய்யும்.

பூ விழுந்தது. சத்தமே இல்லை. கண் கொட்டுகிற நேரத்தில் வலத்தோள் வெறுமையாக இருந்தது, ஆத்தாவின் பாதத்தில் அரளி குப்புறக் கிடந்தது. "வலது" என்றார் மாமா, அவ்வளவுதான் அவரால் முடிந்தது, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அழுதாள், அழுதால் வீணாகிற தண்ணீரையும் யோசிக்காமல் அழுதாள். "ஆத்தா சரின்னுட்டா, வேறென்ன வேணும்" என்று பூசாரி அரளியை எடுத்து அம்மாவின் கையில் வைக்கப் போனார். அம்மா கையை நீட்டவில்லை. கண்ணைத் திறந்து பூவைப் பார்த்த முகம் சந்தோசப்பட்ட முகம் இல்லை, திருடும்போது பிடிபட்டவள் முகம். "நான் அதைக் கேக்கலீங்க" என்றாள். "எதைங்க?" என்றார் பூசாரி. "இவங்க நெனைக்கறதை." மாமா தரையிலிருந்து எழுந்தார். "அத்தே, என்ன சொல்றீங்க? பின்ன என்ன கேட்டீங்க?" அம்மா புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "என்ற பையனைத் தடுத்து நிறுத்திப் போடட்டுமான்னு கேட்டேன்." அந்தக் கேள்விக்கு வலத்தோள் பூ விழுந்திருக்கிறது, நிறுத்து என்று. பூசாரி பூவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "இன்னொருக்கா வெச்சுப் பாருங்க பூசாரி" என்று மாமா குரலை அடக்கிச் சொன்னார். "அது முடியாதுங்க. ஒரு விசயத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு பூதான். கேட்ட கேள்விக்குத்தான் உத்தரவு, கேக்காத கேள்விக்கு ஆத்தா எப்படிங்க பதில் சொல்லும்." மாமாவின் கை மூடித் திறந்தது, திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டவில்லை, தூண் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கண்ணைத் துடைத்தாள். "அம்மா கேட்டதுல என்ன தப்பு? நான் பெத்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். தம்பி, விட்டுரு. நான் ஊசி போட்டுட்டே இருந்துக்கறேன், பழகிப்போச்சு." சிரிக்கப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றுபோனதை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"மாட்டேன்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், மாமா உட்பட, இரண்டு மாதத்தில் முதல் முறையாக நேரே முகத்தை. என் குரல் கருவறை வரை போய்த் திரும்பி வந்தது, இன்னொருத்தன் சொன்னதுபோலப் பெரிதாக இருந்தது. "அம்மா, ஆத்தா உனக்குத்தான் உத்தரவு குடுத்திருக்குது, நிறுத்தச் சொல்லி. நீ நிறுத்து, நல்லா நிறுத்து. நிக்கோணும்னு ஆத்தா என்கிட்டச் சொல்லலையே. நான் நிக்கமாட்டேன்." பூசாரி துண்டால் வாயை மறைத்துக்கொண்டார், சிரிப்பாகவும் இருக்கலாம். அம்மா என் சட்டைக் கையைப் பிடித்தாள். "எனக்கு வேற பயமில்லடா. நீ எதுக்கும் சரிங்கறவன். அவ கேட்டா சரிம்பே, ஊர்ல போறவன் கேட்டாலும் அறுத்துக் குடுத்துட்டு வந்து நிப்பே. இது நெசமாலுமே நீ சொல்ற சரியா, இல்ல எப்பவும் சொல்ற சரியான்னு எனக்குத் தெரியல. யார்கிட்டக் கேக்கறது நான்? உன்கிட்டக் கேட்டா நீ சரிம்மான்னுதான் சொல்லுவே. நிறுத்துனா நின்னுட்டீன்னா, அது உன்ற முடிவு இல்லைன்னு தெரிஞ்சு போகுமில்ல." அவளும் அதே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், டாக்டரம்மா கேட்டதையேதான் கேட்டிருக்கிறாள், கண்ணை அவ்வளவு இறுக்கி மூடிக்கொண்டு. "அந்த ஆஸ்பத்திரியில என்கிட்டயும் கேட்டாங்கம்மா, யாராவது கட்டாயப்படுத்துறாங்களான்னு. எனக்குச் சொல்லத் தெரியல, பேசாம வந்துட்டேன். அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க." அக்கா தலையைத் தூக்கினாள். "இப்பச் சொல்லத் தெரியுமா?" என்றாள் அம்மா. "தெரியும்." "நான் வேண்டாங்கறேன்." "தெரியுது." "பெத்தவ சொல்றேன்." "ஆமாம்மா. மாட்டேன்." இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது. இந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது, எத்தனை வருசமாக உருண்டு வந்து இந்தப் புதன்கிழமை வாசலில் வெளியே விழுகிறது என்று ஒரு கணம் யோசித்தேன், பிறகு யோசிக்கவில்லை. எனக்குள் தாரை தப்பட்டை அடித்தது. ஒரு பூவுக்கு எதிராக, பெற்றவளுக்கு எதிராக, ஆனாலும் இரண்டு பேரையும் விட்டு ஒரு அங்குலம்கூட விலகாமல் நான் நின்றுகொண்டிருந்தேன், மலை நிற்பதுபோல, வேறு எப்படியும் நிற்கத் தெரியாததுபோல.

பூசாரிதான் முதலில் நகர்ந்தார். அரளியை ஆத்தாவின் பாதத்திலேயே வைத்துவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு மடப்பள்ளிப் பக்கம் போனார். மாமா அக்காவைத் தோளோடு தூக்கி நிறுத்தினார். என்னைத் தாண்டும்போது என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், லேத் அடித்த கை, வலித்தது. அக்கா போகிற போக்கில் என் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனாள். கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மாவும் நானும் மட்டும் நின்றோம். "ஒரே நாள்ல ரண்டு பேரையும் கத்திக்கு அனுப்பிப்போட்டு, நான் எந்த ரூமுக்கு வெளியில உக்காரட்டும்?" என்றாள், என்னைப் பார்த்து இல்லை, பொதுவாக. "ரண்டு ரூமுக்கும் நடுவுல ஒரு பெஞ்சு இருக்குதும்மா. நான் பார்த்தேன்." அவள் அதை மனதுக்குள் போட்டுப் பார்த்தாள், அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள், இடப்பக்கம் ஒருமுறை வலப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம், அவள் கழுத்து அப்படி அசைந்தது. "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?" "பத்து மணிக்கு." "என்கிட்டயும் கேப்பாங்களா?" "கேப்பாங்க." முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "கேட்டா, நான் வேண்டாம்னு தடுத்தேன், பையன் கேக்கலைன்னு சொல்றேன்" என்றாள். பிறகு ஆத்தாவைக் கும்பிடவில்லை, என்னை வா என்றும் சொல்லவில்லை, படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, நடுப்பகல் வெயிலில் ஓடைக்கரை வழியாக, எங்கள் இரண்டு பேருக்கும் தாயாக நடந்து போனாள்.